பதிவு இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்

‘பதிவு இல்லை’ என்று எழுத ஒரு நிமிஷம் போதும். இரண்டு வார்த்தை, கீழே இனிஷியல், பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்ப். தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் இருந்த காலத்தில் அதை எத்தனை முறை எழுதினேன் என்று எனக்கே தெரியாது.

போன மாதம் எங்கள் துறையில் இப்போது வேலை பார்க்கிற இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை எல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். இனிமேல் தேடுவது என்று ஒரு வேலையே கிடையாது, ஊர்ப் பேரையும் வருஷத்தையும் அடித்தால் வந்துவிடும் என்று பெருமையாகச் சொன்னார்கள். வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "வரலைன்னா இல்லைன்னு அர்த்தம் சார், அவ்ளோதான்" என்றார் அவர்களில் ஒருவர். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. காபி ஆறுகிறது, குடியுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர்கள் போன பிறகுதான் கோபம் ஏன் வந்தது என்று புரிந்தது. 1991இல் நானும் அதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ரெக்கார்டு ரூமுக்குப் போனது விரும்பி இல்லை. மேலே ஒரு செக்‌ஷனில் இளநிலை உதவியாளராக இருந்தேன். ஹெட் கிளார்க் ஒருவர் என் எழுத்தைப் பார்த்துக் கோழி கிளறியது மாதிரி இருக்கிறது என்றார். உங்களுக்குத்தான் அதில் பொறுக்கத் தெரியுமே என்று நான் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மறுநாளே ஆர்டர் கையில் வந்தது, கீழ்த்தளத்தில் ரெக்கார்டு ரூம்.

எனக்கு முன்னால் அங்கே இருந்தவர் ஒரு வாரத்தில் தொழிலைச் சொல்லிக் கொடுத்துவிட்டு ரிட்டையர் ஆகிவிட்டார். அடங்கல், அதாவது நிலக் கணக்கு, எல்லாம் பசலி என்கிற வருவாய்த் துறை வருஷத்தில் இருக்கும், இங்கிலீஷ் வருஷத்திலிருந்து ஐந்நூற்றுத் தொண்ணூறைக் கழி, பசலி ஜூலையில்தான் பிறக்கும் என்பதை மறக்காதே. பிறப்பு, இறப்பு மட்டும் இங்கிலீஷ் வருஷம், ஊர்வாரியாகக் கட்டு. கட்டைப் பிரித்தால் பிரித்த கையே கட்ட வேண்டும். இவ்வளவுதான் என் பயிற்சி. மீதியை மூக்கில் தூசி ஏற ஏற நானே கற்றுக்கொண்டேன்.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்து நிலத்துக்குக் கிராக்கி வர ஆரம்பித்திருந்தது. கம்பெனி வரப்போகிறது என்று யாரோ சொல்ல, அதை நம்பி மோட்டார் சைக்கிளில் ஆட்கள் வருவார்கள். ஒருவர் ஃபைலோடு வந்து இருபது சர்வே நம்பரை டைப் அடித்து நீட்டுவார். எந்தக் கிராமம், எந்தப் பசலி, எந்த ரிஜிஸ்டர் என்று எல்லாம் சரியாக இருக்கும். கோர்ட்டு ஸ்டாம்ப் ஒட்டியிருக்கும். அவருக்குச் சாயந்திரத்துக்குள் நகல் ரெடி. நான் அவருக்கு ஒரு சலுகையும் காட்டவில்லை. எப்படிக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவே. அதே கவுண்டரில் ஒரு கதையோடு வந்து நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும். ஊரைச் சொல், வருஷத்தைச் சொல், அப்பா பேரைச் சொல், மற்றதெல்லாம் எனக்கு வேண்டாம் என்பேன். இதைச் சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் துணை தாசில்தார் ஒரு பெண்மணி. அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஃபைல் பறக்கிறது என்று கோடையிலும் ஃபேன் போட மாட்டார். நாம் கொண்டுபோய் வைக்கும் காகிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார். சந்தேகம் வந்த இடத்தில், ஓரத்தில், பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்துத் திருப்பித் தந்துவிடுவார். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். அதை நாமே கண்டுபிடித்துத் திருத்தி, ரப்பரால் புள்ளியை அழித்து மறுபடி வைக்க வேண்டும். கேட்டால், நான் சொன்னால் நான் பார்த்ததை மட்டும் திருத்துவீர்கள் என்பார். அவருக்கு நாங்கள் வைத்த பேர் புள்ளி மேடம். அது அவருக்கும் தெரியும்.

இனி கன்னியம்மாள் விஷயத்துக்கு வருகிறேன்.

மண்ணூர்க்காரி. செங்கல் சூளையில் கல் சுமந்தவள். கணவன் மெயின் ரோட்டில் லாரி மோதிச் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன. அவர்கள் ஊர்ப் பள்ளியில் சத்துணவு ஆயா வேலை ஒன்று காலியாக இருந்தது. பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் இன்டர்வியூ. வயசு நாற்பதைத் தாண்டியிருக்கக் கூடாது என்று நிபந்தனை. கன்னியம்மாள் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை, அதனால் சர்டிபிகேட் இல்லை. ரேஷன் கார்டில் நாற்பத்து நான்கு என்று போட்டிருந்தது. கார்டு எழுத வந்தவர் முகத்தைப் பார்த்து எழுதிக்கொண்ட வயசு அது. யூனியன் ஆபீஸில், தாலுகா ஆபீஸ் போய்ப் பிறப்புப் பதிவு நகல் வாங்கி வா, அது இருந்தால் போதும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் காகிதம் கிடைத்தால் வேலை, இல்லாவிட்டால் மறுபடி சூளை. சூளைக்குப் போனால் பெரிய பெண்ணையும் படிப்பை நிறுத்தி உடன் அழைத்துப் போக வேண்டியதுதான் என்று அவளே சொன்னாள்.

சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில் மனு எழுதுகிறவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்தாள். மனுவில் ஊர் மண்ணூர், தகப்பன் பெயர் முனுசாமி, தாய் பெயர் பொன்னம்மாள் என்று இருந்தது. வருஷம் இல்லை. வருஷம் தெரியாமல் தேட முடியாது, எந்த வருஷம் பிறந்தாய் என்று கேட்டேன். அவள் ஒரு கதையை ஆரம்பித்தாள். நாட்டிலேயே முதல்முதலாக வந்த எலெக்‌ஷனில் அவளுடைய அம்மா அவளை வயிற்றில் வைத்துக்கொண்டு போய் ஓட்டுப் போட்டாளாம். அதற்கு மேலும் ஏதோ சொன்னாள். எனக்கு அது போதும், 1952 என்று குறித்துக்கொண்டேன். வழக்கம்போல எதற்கும் என்று ஒரு கேள்வி கேட்டேன், பிறந்தது மண்ணூர்தானே என்று.

"மண்ணூர்தான் சார். பொறந்து வளந்தது எல்லாம் அங்கதான். கட்டிக் குடுத்தது கூட அங்கியே, அத்த வூட்ல."

மண்ணூர்க் கட்டை இறக்கினேன். ஐம்பத்திரண்டு மட்டும் இல்லை, எதற்கும் இருக்கட்டும் என்று முன்னால் ஒரு வருஷம், பின்னால் ஒரு வருஷம் சேர்த்து மூன்று வருஷம் பார்த்தேன். அந்தக் காலத்தில் கிராம மணியக்காரர் எழுதிய பதிவேடு. குழந்தைக்குப் பெயர் இருக்காது. ஆண் அல்லது பெண், தகப்பன், தாய், தகவல் கொடுத்தவர், தேதி. முனுசாமி பொன்னம்மாளுக்கு மண்ணூரில் அந்த மூன்று வருஷத்தில் குழந்தை பிறக்கவில்லை. பக்கம் பக்கமாகப் பார்த்தேன், அந்த விஷயத்தில் என் மனசாட்சியில் குறை இல்லை. ‘தேடிப் பார்த்ததில் பதிவு இல்லை’ என்று எழுதி மேடத்திடம் வைத்தேன்.

மேடம் படித்தார். பென்சிலை எடுத்து, மண்ணூர் என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துத் திருப்பித் தந்தார். நான் என் இடத்துக்கு வந்து அந்த வரியை மூன்று தடவை படித்தேன். எழுத்துப் பிழை இல்லை. மனுவில் உள்ள அதே ஊர்தான். கவுண்டரில் ஏழு பேர் காத்திருந்தார்கள். ரப்பரை எடுத்துப் புள்ளியை அழித்துவிட்டு மறுபடி கொண்டுபோய், மூன்று வருஷம் பார்த்துவிட்டேன் மேடம், இல்லை என்றேன். அவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கீழே வேலை பார்க்கிறவன் பார்த்தேன் என்று சொன்னால் நம்புகிற ஆள் அவர். அந்த நம்பிக்கையை நான் எப்படிச் செலவழித்தேன் பாருங்கள்.

காகிதத்தை வாங்கிக்கொண்டு கன்னியம்மாள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அதில் இல்லை என்று எழுதியிருப்பதைச் சொன்னேன். இல்லை என்பதற்கும் ஒரு காகிதம் உண்டு, இதைக் காட்டி ஆஸ்பத்திரியில் வயசுச் சான்று வாங்கிக்கொள், அதையும் ஏற்றுக்கொள்வார்கள் என்று வழி வேறு சொன்னேன். உபகாரம் செய்துவிட்ட திருப்தியோடு மத்தியானம் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, மறுபடியும் வந்தாள். சண்டை போட வரவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை, யூனியன் ஆபீஸில் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் படித்துச் சொல்லுங்கள் என்று நீட்டினாள். வர்ற திங்கட்கிழமை இன்டர்வியூ.

"இதுல இன்னா வயசு எழுதிகீது சார்?"

நான் பார்த்தேன். தோற்றத்தைக் கொண்டு சுமார் நாற்பத்தைந்து என்று டாக்டர் எழுதியிருந்தார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. முன் நெற்றியில் நரை, வெயிலிலும் சூளை அனலிலும் கருகிய முகம், கல் சுமந்து அமுங்கிய தோள். அவர் முன்னால் இருந்ததைப் பார்த்து எழுதினார். அவரிடம் அவளை அனுப்பியது நான். நாற்பத்தைந்து என்று சொன்னேன். அவள் விரலை மடக்கி எண்ணினாள். ஆயிரம் ஆயிரமாகச் செங்கல் எண்ணி அடுக்கியவள், கணக்கு அவளுக்கு வரும்.

"நாப்பத்தஞ்சா? அப்போ எங்கம்மா ஓட்டு போட்டப்போ நான் அஞ்சாறு வயசுப் புள்ளயா இருந்திருக்கணுமே சார். அம்மாம் பெரிய புள்ள வயித்துல எப்டி இருக்கும்?"

பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு மேலே சொன்னாள். அன்றைக்கு நான் கேட்காமல் விட்ட மிச்சக் கதை அதுதான்.

"ஓட்டு போட்ட அந்த வாரமே வளையல் போட்டு அனுப்பிட்டாங்களாம் சார். வெரல்ல வெச்ச மை கூட போவலியாம். கை நெறைய வளையலும் வெரல்ல மையுமா போய் எறங்கினப்போ, எங்க தாத்தா இன்னாடி இது காயம்னு பயந்துட்டாராம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்."

எங்கே போய் இறங்கினாள் என்று கேட்டேன்.

"அவங்க அம்மா வூட்டுக்குத்தான். சேரப்பணஞ்சேரிக்கு. நான் தலைச்சன் இல்ல?"

நான் பேனாவை மூடினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். என் மூத்த மகன் பிறந்தது குன்றத்தூரில், என் மாமியார் வீட்டில். ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டு அழைத்துக்கொண்டு போனார்கள். அவன் பிறப்பைப் பதிந்தது குன்றத்தூரில். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அங்கே போய் வரிசையில் நின்று நகல் வாங்கி வந்தவன் நான்தான். என் வீட்டுக்குத் தெரிந்த விஷயம், எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த விஷயம், ரெக்கார்டு ரூமுக்குள் நுழைந்ததும் எனக்கு எப்படி மறந்து போயிற்று? தலைச்சன் பிள்ளை தாய் வீட்டில்தான் பிறக்கும். பிறந்த ஊர் மணியக்காரர்தான் பதிவு எழுதுவார். பொறந்து வளந்தது எல்லாம் மண்ணூர் என்று அவள் சொன்னது எல்லோரும் சொல்கிற பேச்சு, நானும் என் ஊரைப் பற்றி அப்படித்தான் சொல்வேன். மேடம் வைத்த புள்ளி எந்த வார்த்தைக்குப் பக்கத்தில் இருந்தது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் என் கையாலேயே அழித்த புள்ளி.

அவளை உள்ளே கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். வெளியாட்களை உள்ளே விடக்கூடாது என்று சட்டம். போகட்டும் என்று விட்டேன். சேரப்பணஞ்சேரிக் கட்டு இரண்டு ரேக் தள்ளி, மேல் தட்டில் இருந்தது. ஏணி போட்டு இறக்கினேன். ஐம்பத்திரண்டில் சில பக்கங்களின் ஓரத்தைச் செல் அரித்திருந்தது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று விரலை வைத்து வரிவரியாக வந்தேன். அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மே மாதத்தில் இருந்தது. பெண். தகப்பன் முனுசாமி, மண்ணூர். தாய் பொன்னம்மாள். தகவல் கொடுத்தவர் தாயின் தகப்பன், இடது கைப் பெருவிரல் ரேகை. முப்பத்தொன்பது வயசு. நாற்பதாக இன்னும் மாதங்கள் இருந்தன.

படித்துக் காட்டினேன். என் பேர் எங்கே என்று கேட்டாள். பிறந்த வாரத்தில் எழுதியது, அப்போது உனக்குப் பேர் வைத்திருக்க மாட்டார்கள் என்றேன். அம்மா பேர் எது என்று கேட்டாள். காட்டினேன். தொடலாமா என்று கேட்டுவிட்டு, ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். தாத்தாவின் ரேகையையும் தொட்டாள்.

பதிவு கிடைத்துவிட்டது, ஆனால் காரியம் முடியவில்லை. பேரில்லாத அந்தப் பெண் குழந்தை இவள்தான் என்று நிரூபிக்க வேண்டும். மண்ணூர்க் கட்டை மறுபடி இறக்கி, பின்னால் உள்ள வருஷங்களைப் பார்த்தேன். அதே முனுசாமி பொன்னம்மாளுக்கு அடுத்தடுத்து இரண்டு ஆண் குழந்தைகள், இரண்டும் மண்ணூரிலேயே. இரண்டாவது பிரசவத்திலிருந்து புருஷன் வீட்டிலேயே பார்த்துக்கொண்டார்கள். இவளுக்குத் தம்பிகள் இரண்டு பேர், அக்கா தங்கை கிடையாது. அந்தக் குடும்பத்தில் வேறு பெண்ணே இல்லை என்று கிராம நிர்வாக அதிகாரியிடம் எழுதி வாங்கிவரச் சொல்லி அவளை அனுப்பினேன். மறுநாள் காலையில் ஆபீஸ் திறக்கும்போது அந்தக் காகிதத்தோடு வாசலில் நின்றாள்.

இன்னொரு சிக்கல் இருந்தது, அது எனக்கு. பதிவு இல்லை என்று ஏற்கெனவே ஒரு சான்று கொடுத்தாயிற்று. அதை ரத்து செய்யாமல் இதைக் கொடுக்க முடியாது. ரத்து செய்வதென்றால் ஏன் என்று எழுத வேண்டும். பக்கத்து சீட்டு நண்பர் என்மேல் உள்ள அக்கறையில் ஒரு வழி சொன்னார். மனுதாரர் ஊரைத் தவறாகக் கொடுத்தார் என்று ஒரு வரி எழுது, உன்மேல் ஒன்றும் வராது, பிரமோஷன் லிஸ்ட் வரப்போகிற நேரம், பதினேழு ஏ நோட்டீஸை நீயே கேட்டு வாங்கிக்கொள்ளாதே என்றார். அது ஒழுங்கு நடவடிக்கைக்கு எங்கள் ஆபீஸ் பாஷை. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை, அவள் மனுவில் மண்ணூர் என்றுதான் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், பேனாவை எடுத்து அந்த வரியை எழுத ஆரம்பித்தேன். ‘மனுதாரர்’ என்று எழுதியதும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் தாகமாக இருக்கிறது, தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டாள். எழுந்து போய்ப் பானையிலிருந்து ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தேன். திரும்ப உட்கார்ந்து அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். புதுத் தாளில், ‘தலைச்சன் பிறப்பு தாயின் ஊரில் நிகழ்ந்திருக்கும் என்பதை மனுதாரரிடம் கேட்டு அறியாமல், ஒரு கிராமத்தில் மட்டும் தேடிச் சான்று அளித்தது என் தவறு’ என்று எழுதினேன்.

மேடம் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். பென்சிலைக் கையில் எடுத்தார். எங்கே புள்ளி வைக்கப் போகிறார் என்று நான் நின்றேன். வைக்கவில்லை. பென்சிலைப் படுக்க வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"இதுக்கு மெமோ வரும். நான் தடுக்க மாட்டேன், ஏகாம்பரம்."

தெரியும் மேடம் என்றேன். கையெழுத்துப் போட்டு நகலில் சீல் வைத்துக் கொடுத்தார்.

மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் இரண்டு பேர் அந்த வருஷ லிஸ்டில் என்னைத் தாண்டிப் போனார்கள். வருத்தமில்லை என்று சொன்னால் பொய். வீட்டில் ஒரு மாதம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. கன்னியம்மாளுக்கு வேலை கிடைத்தது. அதை அவள் ஊரிலிருந்து பட்டாவுக்கு வந்த ஒருவர் போகிற போக்கில் சொன்னார். அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் பேசினேன்.

அதோடு அந்த விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். நான்கைந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம், கவுண்டரில் யாரோ சார் சார் என்று கூப்பிட்டார்கள். தலையை நிமிர்த்தினால் கன்னியம்மாள். துவைத்து உடுத்திய புடவை, வாரி முடித்த தலை, நாற்பத்தைந்து என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் இன்னொரு பெண். அவள் கையில் மடித்து மடித்து நைந்துபோன ஒரு காகிதம். வாங்கிப் பிரித்தேன். தேடிப் பார்த்ததில் பதிவு இல்லை. கீழே என் இனிஷியல். மூன்று வருஷத்துக்கு முன்னால் கொடுத்தது.

"சூளைல என்கூட கல்லு தூக்குன பொண்ணு சார்" என்றாள் கன்னியம்மாள். "இவளும் தலைச்சன்தான்."

வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் கவுண்டர் கதவைத் திறந்து, அந்தப் பெண்ணை உள்ளே வந்து ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். ஏணியை எடுத்து வைத்துக்கொண்டு, உங்க அம்மாவுக்கு வளையல் போட்டு எந்த ஊருக்கு அனுப்பினாங்க, மொதல்லேர்ந்து சொல்லும்மா என்று கேட்டேன்.